தக்காளிக்குத் தரவேண்டிய மீதி

சம்பந்தியம்மாவுக்கு மைக்காரர் தரவேண்டிய பாக்கி முப்பத்தெட்டாயிரத்து நானூறு. அத்தனையும் காய்கறிக் கடன். அதுவும் சாதாரணக் காய்கறி இல்லை. நாடே பார்த்துக்கொண்டிருக்க, அரசு டிவியில், சிரித்த முகத்தோடு ரொக்கம் கொடுத்து வாங்கிய காய்கறி. ரொக்கம் கொடுத்து வாங்கியதில் பாக்கி எப்படி வரும் என்று கேட்பீர்கள். வரும். அரசு டிவியில் வேலை பார்த்துப் பாருங்கள், அப்போது தெரியும்.

மைக்காரர் என்பது ஊர் அவருக்கு வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொன்னால் தபால்காரருக்கே வீடு தெரியாது. படிப்பு எட்டாவதோடு சரி. அதைச் சொல்லிக்கொள்ள அவருக்குத் துளிக் கூச்சமும் கிடையாது. கூச்சம் எதற்கு? பட்டம் வாங்கியவர்கள் பட்டத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். இவர் தம் எட்டாம் வகுப்பை நாக்கில் மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினார். கல்யாண வீட்டில் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் போதும், "கேபிள் சுருட்ட வந்தவன்தான் நான்" என்று ஆரம்பித்துவிடுவார். கேட்டவர்கள் எத்தனை முறை கேட்டிருந்தாலும் மறுபடியும் கேட்டே ஆகவேண்டும். எழுந்து போனால் கையைப் பிடித்து உட்கார வைப்பார்.

உண்மையிலேயே கேபிள் சுருட்ட வந்தவர்தான். மழையானாலும் வெயிலானாலும் தோளில் கேபிள் வளையம், கையில் குடை. குடை அவருக்கு இல்லை, செய்தியாளருக்கு. ஒருநாள் புதுப் பாலம் ஒன்றின் திறப்பு விழா. அமைச்சர் பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். உச்சி வெயில். மைக்கோடு நின்ற செய்தியாளர், இரண்டு பட்டம் வாங்கியவர், அப்படியே மடங்கிச் சரிந்தார். கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. குடை பிடித்திருந்த பையன் ஒரு கையால் அவரைத் தாங்கி, மறு கையால் மைக்கை எடுத்து, "பாலம் பிரமாதமா இருக்கு. பேச்சும் பாலத்த விட நீளமா இருக்கு. நிழல் ஒண்ணுதான் குறை" என்றான். அமைச்சருக்கு அன்றைக்கு என்ன நல்ல நேரமோ, விழுந்து விழுந்து சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் மேடை சிரித்தது, மேடை சிரித்ததும் கூட்டம் சிரித்தது. மறுவாரம் குடை வேறொருவன் கைக்குப் போனது. மைக் இவர் கையோடு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு முடி நரைக்கும்வரை மைக்தான். எந்த ஆட்சி வந்தாலும் மைக் பிடிக்க ஆள் வேண்டுமே. மாடி வைத்த வீடு கட்டினார். மகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். பேருந்தில் ஏறினால் எழுந்து இடம் கொடுக்கிற அளவுக்கு முகம் பிரபலம். அந்த இடத்தில் உட்காருவதற்காகவே சிலசமயம் வேலையில்லாத நாளிலும் பேருந்தில் ஏறுவார் என்று அவர் மனைவி சொல்வாள். அவள் அப்படித்தான். வீட்டுக்குள் அவரை வளரவிட மாட்டாள்.

தலைமுடி நரைத்த பிறகு அவருக்கு வந்த நிகழ்ச்சிதான் "சந்தை நிலவரம்". வாரம் ஒருமுறை சந்தைக்குப் போய், விலை கேட்டு, கூடை நிறைய வாங்கி, "பாருங்கள் நேயர்களே, விலை எப்படிச் சரிந்திருக்கிறது!" என்று சொல்லவேண்டும். விலை சரிந்ததா ஏறியதா என்று சந்தைக்குத்தான் தெரியும் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. விலை அமைச்சகத்திலிருந்து வரும். முதல்நாளே வந்துவிடும். சந்தையில் தக்காளி எண்பது விற்கும், தாளில் இருபத்தைந்து என்று இருக்கும். வெங்காயம் அறுபது, தாளில் இருபது.

முதல் இரண்டு மாதம் எந்தக் கடைக்காரரும் பிடிகொடுக்கவில்லை. டிவி வண்டி தெருமுனையில் திரும்பியதும் கடைக்குக் கடை சாக்குப் படுதா இறங்கும். ஒருவர் காது கேட்காதவர் போலக் கையால் ஜாடை காட்டினார். இன்னொருவர் கேமராவைப் பார்த்ததும் கடையை விட்டே ஓடிப்போனார். இருபத்தைந்துக்கு விற்கச் சொல்வதற்கே ஆள் இல்லை. நிகழ்ச்சியின் இயக்குநர் மைக்காரரைக் கூப்பிட்டு, "உங்களுக்குத் தெரியாத கடைக்காரங்களா? சொந்தபந்தத்துல யாரும் இல்லையா?" என்றார்.

இருந்தார். சம்பந்தியம்மா.

மைக்காரரின் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டின் மாமியார். கணவர் போன பிறகு தள்ளுவண்டியில் ஆரம்பித்து, சந்தையின் நடு வரிசையில் மூலைக்கடை பிடித்தவர். அந்தக் கடையின் தராசு பொய் சொல்லாது என்று எதிர்க்கடைக்காரரே சொல்வார். பெண் கொடுத்த வீட்டில் போய் ஒரு உதவி கேட்பது எந்தத் தகப்பனுக்கும் தொண்டையில் முள் மாட்டின மாதிரி இருக்கும். ஆனால் மைக்காரர் வாயால் பிழைத்தவர். போனார்.

"வாங்க சம்பந்தி. டிவில பாத்த முகம் நேருல வந்திருக்கு. உக்காருங்க, இந்தக் கூடைய நகத்திக்கங்க."

"ஒரு சின்ன விஷயம் சம்பந்தியம்மா."

"சின்ன விஷயத்துக்கு நீங்க வரமாட்டீங்க. பொண்ணுதான் போன்ல சொல்லும். பெரிய விஷயமாச் சொல்லுங்க."

சொன்னார். அந்தம்மா வெங்காயத்தில் அழுகலைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

"எண்பதுக்கு விக்கற தக்காளிய இருபத்தஞ்சுக்குக் குடுக்கணும். குடுத்துட்டு, விலை குறைஞ்சு போச்சுன்னு சந்தோஷமாச் சிரிக்கணும். அவ்வளவுதான?"

"அவ்வளவுதான். மீதி அம்பத்தஞ்ச நான் தர்றேன். கிலோவுக்குக் கிலோ. ஆபீஸ்ல செலவு எழுதி வாங்கிடலாம்."

"எத்தனை கிலோ?"

"அஞ்சு அஞ்சு கிலோ வேணும். ஒரு கிலோன்னா கேமராவுல பையே தெரியாது."

சம்பந்தியம்மா அழுகல் வெங்காயத்தை ஓரமாகத் தள்ளினார். "உங்க பொண்ணு எங்க வீட்டுல ஒரு நாளும் முகம் சுளிச்சதில்ல. அதுக்காகச் செய்றேன். உங்க டிவிக்காக இல்ல."

இப்படி ஆரம்பித்தது. சும்மா சொல்லக் கூடாது, அந்தம்மா கேமராவுக்கு முன்னால் வெளுத்து வாங்கினார். "இருபத்தஞ்சுதாங்க! போன மாசம் இதையே நான் நூறுக்கு வித்தேன்" என்று சொல்லிக் கையைத் தட்டினார். இயக்குநர் பார்த்துவிட்டு, "நடிகைங்க கெட்டாங்க" என்றார். கூடை வண்டிக்கு வந்ததும் வெங்காயத்தில் பாதி கேமராக்காரருக்கு, உருளைக்கிழங்கு ஓட்டுநருக்கு, தக்காளி இயக்குநர் வீட்டுக்கு. மிச்சம் மீதி மைக்காரர் வீட்டுக்கு. எல்லோரும் அரசாங்க விலையில் சாப்பிட்டார்கள்.

மீதிப் பணத்துக்கு மைக்காரர் முறைப்படி செலவு எழுதி மேலே அனுப்பினார். அது கணக்கு அதிகாரியின் மேசையில் மூன்று மாதம் படுத்துக் கிடந்தது. கடைசியில் அவர் இவரைக் கூப்பிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"இதுல என்ன எழுதியிருக்கீங்க? 'சந்தை விலைக்கும் அறிவித்த விலைக்கும் வித்தியாசம்.' அப்படித்தான?"

"ஆமா சார்."

"வித்தியாசம் இருக்கா?"

"கிலோவுக்கு அம்பத்தஞ்சு சார்."

"நீங்கதான டிவில வந்து வித்தியாசம் இல்லன்னு சொல்றீங்க? நான் பணம் குடுத்தா, வித்தியாசம் இருக்குன்னு நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். இல்லாத வித்தியாசத்துக்கு எப்படிங்க பணம் குடுக்கறது? ஆடிட்டர் வந்தா என் கழுத்துதான் போகும்."

மைக்காரர் செலவுத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்து படிக்கட்டில் நின்றபோது, அந்த ஆள் சொன்னதில் ஓட்டை எங்கே என்று தேடினார். தேடத் தேட ஓட்டையே இல்லை. இவர் வாயால் சொன்ன பொய், சுற்றிக்கொண்டு வந்து இவர் சட்டைப் பையிலேயே கைவிட்டுவிட்டது.

கொடுக்க வழியில்லை, சொல்ல வாயும் இல்லை. "வந்துடும் சம்பந்தியம்மா, ஆபீஸ்ல இழுத்தடிக்கறாங்க" என்று வாரா வாரம் சொன்னார். சம்பந்தியம்மாவும் ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டதில்லை. அவருக்குக் கணக்கு விரலில். ஒவ்வொரு வாரமும் கூடையைத் தூக்கிக் கொடுக்கும்போது, "இதோட பத்தொம்பதாயிரம் சம்பந்தி" என்பார், வானிலை சொல்கிற மாதிரி. மைக்காரர் அதைக் கேட்டுத் தும்முவார்.

இதற்கு நடுவே சந்தைக்கு வந்த ஜனங்கள் சம்பந்தியம்மாவைச் சும்மா விடவில்லை. "டிவில இருபத்தஞ்சுன்னீங்க, இங்க எண்பதா?" என்று பிடித்துக்கொண்டார்கள். அவர் சளைக்கவில்லை. "அது டிவி தக்காளி. இது சந்தைத் தக்காளி. டிவி தக்காளி வேணும்னா வீட்டுக்குப் போயி டிவிக்குள்ள கைய விட்டு எடுத்துக்கங்க" என்றார். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே எண்பதைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆனால் அந்தப் பேச்சு சந்தையோடு நிற்கவில்லை. பேருந்தில் சொன்னார்கள், முடிவெட்டுகிற கடையில் சொன்னார்கள். யாரோ ஒருவன் படமே வரைந்து போட்டுவிட்டான்: ஒரு ஆள் டிவி பெட்டிக்குள் தோள்வரை கைவிட்டுத் தக்காளி தேடுகிற படம். அது கைபேசிக்குக் கைபேசி பறந்தது.

அமைச்சகத்துக்குக் கோபம் வந்தது. விலையைக் குறைக்கவில்லை, சட்டம் போட்டார்கள். அரசு டிவியில் சொல்லும் விலைக்கு மேல் விற்றால் அபராதம். இரண்டாம் தடவை மாட்டினால் கடைக்குப் பூட்டு.

விலை அதிகாரி முதலில் போய் நின்ற கடை எது தெரியுமா? மூலைக்கடைதான். மகள் போனில் அழுதாள்.

"அப்பா, அத்தைக்கு அபராதம் போட்டுட்டாங்க. அந்த ஆள் கைபேசில உங்க நிகழ்ச்சியத்தான் போட்டுக் காட்டினானாம். 'இது யார் குரல்? நீங்கதான் இருபத்தஞ்சுன்னு சொல்றீங்க, அப்புறம் எதுக்கு எண்பது?'ன்னானாம். அத்தையால என்ன சொல்ல முடியும்? இன்னொரு தடவை வந்தா கடையப் பூட்டிடுவாங்களாம்."

"அத்தை என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அதுதான் பயமா இருக்கு."

மைக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். மொத்த வியாபாரியிடமே தக்காளி எழுபதுக்கு எடுக்கிற அந்தம்மா, இருபத்தைந்துக்கு விற்றால் ஒரு வாரத்தில் தள்ளுவண்டிக்குத் திரும்புவார். எண்பதுக்கு விற்றால் மறுநாளே பூட்டு. நடுவில் மாட்டிவிட்டது இவர் மைக்.

இத்தனை வருடம் எந்தச் சிக்கலையும் பேசியே அவிழ்த்தவர், இந்த ஒன்றைப் பணத்தால் அவிழ்க்கப் பார்த்தார். சேமிப்பிலிருந்து முப்பத்தெட்டாயிரத்து நானூறை எடுத்து, உறையில் போட்டு, இடுப்புக்குள் செருகி, சம்பந்தி வீட்டுக்கே போனார். கதவைச் சாத்திவிட்டு உறையை நீட்டினார்.

"என்ன சம்பந்தி இது?"

"பாக்கி."

"எதுக்குப் பாக்கி?"

"காய்கறிக்குத்தான்."

"காய்கறிக்குத்தான் அப்பப்பவே காசு குடுத்துட்டீங்களே. நாடே பாத்துச்சே."

"குத்திக் காட்டாதீங்க சம்பந்தியம்மா. என் சொந்தப் பணம். அபராதத்தையும் நானே கட்டிடறேன்."

சம்பந்தியம்மா உறையைத் தொடவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"நான் தள்ளுவண்டி தள்ளுனப்ப என்கிட்ட என்ன இருந்துச்சு? பேரு இருந்துச்சு. அந்தம்மா விலை சொன்னா அதுதான் விலைன்னு ஒரு பேரு. இப்ப சந்தையில என்ன பேரு தெரியுமா? டிவிக்காரி. நான் எண்பதுன்னாலும் நம்ப மாட்டேங்கறான், இருபத்தஞ்சுன்னாலும் நம்ப மாட்டேங்கறான். இந்த உறைய வாங்கி நான் என்ன பண்ண? நோட்டத்தான் எண்ண முடியும்."

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?"

"வாங்குனது எல்லார் முன்னாடியும். குடுக்கறது மட்டும் எதுக்குக் கதவச் சாத்திக்கிட்டு? அதே டிவில வச்சுக் குடுங்க. கைய நீட்டி வாங்கிக்கறேன்."

"வேலை போயிடும் சம்பந்தியம்மா."

"கடை போயிடும் சம்பந்தி."

மகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அப்பா முகத்தையும் பார்க்காமல் மாமியார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனாள். மைக்காரர் உறையை மறுபடியும் இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். பேருந்தில் ஏறினால் யாராவது எழுந்து இடம் கொடுத்துவிடுவார்களோ என்று அன்றைக்கு முதல்முறையாகப் பயம்.

மறுநாள் இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் அந்தக் கேலிப்படம்.

"ஜனங்க நம்ப மாட்டேங்கறாங்க. நாம செட்டுக்குள்ள எடுக்கறோம்னு பேசறாங்க. அதனால இந்த வாரம் நேரலை. சந்தையிலேருந்து, ஜனங்களுக்கு நடுவுலேருந்து. அதே அம்மா, அதே கடை. விலை அதிகாரியும் நிப்பார். அமைச்சர் வீட்டுல உக்காந்து பாப்பார்."

"நேரலையா சார்? எதுக்கு சார், ரிஸ்க்கு..."

"உங்கள விட்டா யாரு? கேபிள் சுருட்ட வந்தவருன்னு ஊரே பேசுது. இது நல்லபடியா முடிஞ்சா இந்த வருஷ விருது உங்களுக்குத்தான். நாட்டுத் தலைவர் கையால. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கற மாதிரி பாராட்டுப் பத்திரமும் தருவாங்க."

கண்ணாடி போட்டு மாட்டுகிற பத்திரம்! எட்டாவதோடு நின்ற மனிதருக்கு அதைவிடப் பெரிய தூண்டில் உலகத்தில் உண்டா? நடுக்கூடத்தில் எந்த ஆணியில் மாட்டலாம் என்றுகூட ஒரு நொடி நினைத்துவிட்டார். நினைத்ததற்காகப் பிறகு வெட்கப்பட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே மனைவியிடம் மெல்ல விட்டுப் பார்த்தார்.

"ஏன், நான் ஒருநாள் உண்மையைச் சொல்லிட்டா என்ன ஆகும்?"

"எங்க? வீட்டுலயா?"

"விளையாடாத. டிவில."

அவள் துணி மடிப்பதை நிறுத்தினாள். "வேலை போகும்."

"சொல்லலேன்னா?"

"சம்பந்தியம்மா கடை போகும். ரெண்டுல எது போனாலும் நம்ம வீட்டுக்குக் காய்கறி கிடையாது." மடித்த துணியை அலமாரியில் வைத்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்: "வேலை போனா மாடிய வாடகைக்கு விட்டுக்கலாம். பொண்ணு அந்த வீட்டுல தலைநிமிர்ந்து நிக்கறத எங்க போயி வாடகைக்கு வாங்குவீங்க?"

நேரலை நாள் வந்தது. சந்தையைப் பார்க்கவேண்டுமே! நடு வரிசையை மட்டும் கழுவி விட்டிருந்தார்கள். சாக்கடைமேல் பலகை போட்டுச் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். மூலைக்கடையில் அடுக்கிய தக்காளிக்குத் துணியால் துடைத்து மெருகு ஏற்றியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, சம்பந்தியம்மாவின் தலைக்குப் பின்னால் தலைவரின் பெரிய படம். அமைச்சகத்திலிருந்து மூன்று பேர் வந்து கட்டிவிட்டுப் போனார்கள்.

அந்தப் படத்தைக் கேமராக்காரர் கவனித்தார். மைக்காரரும் கவனித்தார். டிவி நிலையத்தில் ஒரு கட்டளை உண்டு: தலைவரின் முகம் திரையில் இருக்கும்போது ஒளிபரப்பை வெட்டக்கூடாது, முகத்தை விட்டுக் கேமராவைத் திருப்பவும் கூடாது. வெட்டத்தான் வேண்டுமென்றால் இயக்குநரின் கையெழுத்து வேண்டும். முன்னொரு சமயம் பாவம் ஒரு தொழில்நுட்பக்காரர், தலைவர் வாயைத் திறந்த நேரம் பார்த்துச் சோப்பு விளம்பரத்தைப் போட்டுவிட்டார். அவரை மலையுச்சிக் கோபுரத்துக்கு மாற்றினார்கள். இன்னும் இறங்கி வரவில்லை.

சம்பந்தியம்மா தம் இடத்தில் நின்றார். தலையை வாரி, சுத்தமான புடவை கட்டியிருந்தார். விலை அதிகாரி கேமராவுக்குப் பின்னால், பூட்டுச்சாவிக் கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றார். இயக்குநர் கேமராக்காரரின் தோளுக்குப் பின்னால். சுற்றிலும் ஜனங்கள், கூடையும் பையுமாக.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"வணக்கம் நேயர்களே! இது நேரலை! நம் சந்தையின் நடுவிலிருந்து..." குரல் கணீரென்றுதான் வந்தது. அந்தக் குரலுக்கு எஜமான் அவரில்லையோ என்று தோன்றும்படி தானாகவே வந்தது. "சொல்லுங்க அம்மா, தக்காளி கிலோ என்ன விலை?"

சம்பந்தியம்மா வாயைத் திறக்கவில்லை.

"இருபத்தஞ்சுதானே?" என்று மைக்காரரே எடுத்துக் கொடுத்தார்.

அப்போதும் இல்லை. ஐந்து கிலோவை நிறுத்து, கூடையில் கொட்டி, முன்னால் வைத்தார். மைக்காரர் வழக்கப்படி நூற்றிருபத்தைந்தை எடுத்து நீட்டினார். அந்தம்மா வாங்கிக்கொண்டார். வாங்கியதை மடிக்கவேண்டும், சிரிக்கவேண்டும், "விலை குறைஞ்சதுல ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லவேண்டும். மடிக்கவில்லை. நூற்றிருபத்தைந்து உள்ளங்கையில் இருந்தபடியே, கை நீட்டியபடியே நின்றது. காய்த்துப்போன கை. ரேகையெல்லாம் மண் ஏறி, எத்தனை கழுவினாலும் போகாத கறுப்பு. எதையும் கேட்கவில்லை. காத்திருந்தது, அவ்வளவுதான்.

நேரலையில் பேச்சில்லாமல் போனால் ஒரு நொடி ஒரு மணிநேரம். இயக்குநர் "பேசு, பேசு" என்று காற்றில் கையைச் சுழற்றினார். கூட்டத்தில் யாரோ, "அந்தம்மா மீதியக் கேக்குதுய்யா!" என்று கத்தினார். சிரிப்பு எழுந்தது.

மைக்காரருக்கு உள்ளே எதுவோ அவிழ்ந்தது. பயம் என்று நினைத்தால் பயமில்லை. பாலத்தில் அன்றைக்கு மைக்கைப் பிடித்தபோது இருந்த அதே துடுக்கு.

"கரெக்ட்டாச் சொன்னீங்க" என்றார் கூட்டத்தைப் பார்த்து. பிறகு கேமராவைப் பார்த்தார். "நேயர்களே, தக்காளி கிலோ எண்பது. இருபத்தஞ்சு இல்ல. வெங்காயம் அறுபது. போன வாரமும் அதுதான், அதுக்கு முந்தின வாரமும் அதுதான். இருபத்தஞ்சுன்னு எழுதிக் குடுத்தது அமைச்சகம். வாசிச்சது நான். இந்த அம்மாவச் சிரிக்க வச்சதும் நான். அவங்க பொய்க்காரி இல்ல. அவங்க என் சம்பந்தி. பொண்ணு குடுத்த உறவுக்காக வாய மூடிக்கிட்டு இருந்தாங்க. பொய் சொன்ன வாய் இந்த வாய்."

எங்கேயோ ஒரு தராசுத் தட்டு ஆடுகிற சத்தம்.

இயக்குநர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "கட் பண்ணு! கட்!" என்று கேமராக்காரர் காதில் சீறினார்.

"தலைவர் படம் ஃப்ரேம்ல இருக்கு சார்" என்றார் கேமராக்காரர், கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல். ஒரு வருடம் அந்தக் கடை வெங்காயத்தைத் தின்ற மனிதர். "எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, இந்த நிமிஷமே பண்ணிடறேன்."

இயக்குநர் பையெல்லாம் தடவினார். பேனா கிடைத்தது, தாள் இல்லை. ஒரு கடைக்காரர் பெரிய மனசோடு பொட்டலம் கட்டுகிற காகிதத்தைக் கிழித்து நீட்டினார். அதில் ஈரம், பேனா எழுதவில்லை. நிலையத்திலிருந்து அவர் கைபேசி அலறியது. அங்கேயும் யாருக்கும் மலையுச்சிக்குப் போக விருப்பமில்லை.

விலை அதிகாரிதான் முதலில் சுதாரித்தார். சாவிக் கொத்தை ஆட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "எண்பதுக்கு விக்கறத ஒத்துக்கறீங்களா? அப்ப கடையப் பூட்டறேன்!"

அப்போதுதான் சம்பந்தியம்மா வாயைத் திறந்தார். சந்தையின் கடைசி வரிசைவரை கேட்கிற குரல்.

"ஐயா, உங்க சட்டம் என்ன சொல்லுது? அரசு டிவில சொன்ன விலைக்கு மேல விக்கக் கூடாது. அவ்வளவுதான?"

"ஆமா!"

"இப்ப அரசு டிவில என்ன விலை சொன்னாங்க?"

அதிகாரி இயக்குநரைத் திரும்பிப் பார்த்தார். கூட்டம் மொத்தமாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதுபோல, "எண்பது!" என்றது. "வெங்காயம்?" என்று யாரோ எடுத்துக் கொடுக்க, "அறுபது!" என்றது. சாவிக் கொத்து அதிகாரியின் பைக்குள் போன சத்தம் மைக்கில் தெளிவாகப் பதிவானது.

அன்றைக்குப் போன வேலை போனதுதான். விருதும் போனது, ஓய்வூதியமும் போனது, விசாரணைக்குக் கூப்பிட்டு நாள்கணக்கில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மாடி வாடகைக்குப் போனது. அமைச்சகம் அவசரமாகச் சட்டத்தையே திரும்ப வாங்கிக்கொண்டது; வைத்திருந்தால் அவர்கள் டிவி சொன்ன விலையே அவர்களைக் கட்டிப்போட்டிருக்கும். பேருந்தில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. எழுந்து இடம் கொடுக்கிறார்கள். இப்போது அவர் வேண்டாம் என்று நின்றே வருகிறார். நின்றால் இன்னும் நாலு பேர் பார்ப்பார்களாம்! மனைவி சொல்வது அது. ஆனால் இதெல்லாம் பிறகு. அன்றைக்குச் சந்தையில் ஒரு வேலை பாக்கி இருந்தது.

மைக்காரர் மைக்கைத் தக்காளிக் குவியலின்மேல் சாய்த்து வைத்தார். அன்றைக்குச் செருகியதிலிருந்து இடுப்பை விட்டு இறங்காத உறையை எடுத்தார். விரலில் எச்சில் தொட்டுக்கொண்டார்.

"நீட்டுங்க சம்பந்தியம்மா."

"நீட்டித்தான் இருக்கு. நீங்கதான் பாக்கல."

ஒன்று, இரண்டு, மூன்று என்று ஐந்நூறு ஐந்நூறாக அந்த உள்ளங்கையில் வைத்தார். "இது தக்காளிக்கு" என்றார். கட்டு பெருத்ததும் சம்பந்தியம்மா அதை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வலக்கையை மறுபடி விரித்தார். "இது வெங்காயத்துக்கு." கூட்டமும் கூடவே எண்ண ஆரம்பித்தது. நடுவில் மைக்காரருக்குக் கணக்குத் தப்பியது; "முப்பத்தொண்ணு, சம்பந்தி" என்று அந்தம்மாவே எடுத்துக் கொடுத்தார். "இது உருளைக்கிழங்குக்கு, நம்ம ஓட்டுநர் சாப்பிட்டது." ஓட்டுநர் கூட்டத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டார். "இது இயக்குநர் வீட்டுக் கூடைக்கு." அதற்குச் சந்தை கைதட்டியது. உறை காலியாகி, கடைசி நூறும் போய்ச் சேர்ந்தது.

"முப்பத்தெட்டாயிரத்து நானூறு. சரியா இருக்கா சம்பந்தியம்மா?"

"அது சரியா இருக்கு." சம்பந்தியம்மா கட்டை மடியில் செருகினார். அந்தக் கை மறுபடியும் நீண்டது. "இன்னைக்கு வாங்குனதுக்கு மீதி?"

சந்தையே குலுங்கிச் சிரித்தது. மைக்காரரும் சிரித்துவிட்டார். மேல்பை, கால்சட்டைப் பை, பின்பை என்று எல்லாவற்றையும் துழாவினார். இரண்டு நூறு அகப்பட்டது, வைத்தார். கசங்கிய ஐம்பது ஒன்று, நீவி வைத்தார். பிறகு சில்லறை: ஒரு பத்து, இன்னொரு பத்து, ஓரத்துப் பையின் தையலில் சிக்கிக்கொண்டிருந்த ஐந்து. ஒவ்வொன்றாக, அந்தக் கறுத்த ரேகைகளின் மேல்.